நடுவில் ஆள் இல்லாமல், அப்பாவுக்கு

என் அருமை அப்பா,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. ஆனாலும் கேட்கத்தான் தோன்றுகிறது. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு தனியாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால்தான் நமக்கு வாயே வரும், இல்லையா?

உங்கள் பேத்தி இனியா உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். நீங்கள் போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, உங்கள் சட்டைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தும் ஆகிவிட்டது. அவளுக்கு அது எதுவும் கணக்கில்லை. மேசையில் உட்கார்ந்ததும் உங்கள் நாற்காலியைப் பார்த்து, "தாத்தா, சாப்பிடுங்க" என்பாள். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாள்.

கூப்பிட்டதுகூடப் பரவாயில்லை அப்பா. பிள்ளைதானே, பழக்கம் விடவில்லை என்று இருந்துவிடலாம். அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் உடனே தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவாள். இன்னொரு நாள் சோறு ஆறிப்போகும்வரை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம்தான் தலையாட்டுவாள். வெறும் விளையாட்டு என்றால் தினமும் ஒரே மாதிரிதானே விளையாடியிருப்பாள்? இவள் நிஜமாகவே யாரோ வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பஸ் ஓட்டியவர். ஓட்டுநரோடு பேசாதே என்ற போர்டை வண்டியோடு விட்டுவிட்டு வராமல் வீட்டுக்கும் தூக்கி வந்துவிட்டீர்கள் என்று அம்மா கேலி செய்வாள். ஊரோடெல்லாம் பேசினீர்கள். காப்பிக்கடையில் உங்கள் சிரிப்புச் சத்தம் நம் மாடிவரைக்கும் கேட்கும். நான் பெரியவளான பிறகு என்னிடம் மட்டும் நேரே பேசவே மாட்டீர்கள்.

நான் சோபாவில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். அடுப்படியில் இருக்கிற அம்மாவைப் பார்த்து, "அவ நாளைக்கு எத்தனை மணிக்கு வருவான்னு கேளு" என்பீர்கள். அம்மா அங்கிருந்தே, "எத்தனை மணிக்குடி வருவ?" என்பாள். நான் அம்மாவிடம், "எட்டு மணிக்கு" என்பேன். அம்மா உங்களிடம், "எட்டு மணியாம்" என்பாள். எனக்கு இது வினோதமாகவே பட்டதில்லை. எல்லார் வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெய் மிங்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? சீனப் பையன், வேறு மொழி, வேறு சாமி, என்ன பூகம்பம் வரப்போகிறதோ என்று அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தீர்கள். பிறகு அம்மாவிடம், "அந்தப் பையன் காரம் சாப்பிடுவானான்னு கேளு" என்றீர்கள். அதுதான் உங்கள் ஆசீர்வாதம்.

அம்மா போன பிறகு எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் நாள் சாயந்திரம் உங்கள் தவிப்பைப் பார்க்க வேண்டுமே! சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். சொல்லியனுப்ப ஆளைக் காணோம். கடைசியில் வெய் மிங்கைப் பிடித்துக்கொண்டு இங்கிலிஷில், ரைஸ் பத்தவில்லை என்று அவளிடம் சொல் என்றீர்கள். அந்த மனுஷர், பாவம், என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாலா, அப்பா சேஸ் ரைஸ் நாட் இனஃப் லா" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீங்களும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இனியாவுக்குப் பேச்சு வந்ததும் அந்த வேலை அவளுக்குப் போயிற்று. உங்கள் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பாள். "அம்மா, தாத்தா கேக்குறாங்க, மாத்திரை எங்கன்னு." "தாத்தா, அம்மா சொல்றாங்க, சாப்பிட்டப்புறந்தான் போடணுமாம்." பக்கத்து வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஆத்தாடி, இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படித் தமிழ் பேசுது!" என்று கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாப்பாட்டு மேசைப் பழக்கம் வெய் மிங் வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஸ்பூனைத் தொடும் முன்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரையும் முறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவர்கள் சரி, சாப்பிடு என்ற பிறகுதான் சோறு வாய்க்குப் போகலாம். இனியா அப்பாவைச் சீனத்தில் கூப்பிடுவாள். என்னையும் உங்களையும் தமிழில் கூப்பிடுவாள்.

முதல் நாள் அவள் கூப்பிட்டபோது உங்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டீர்கள். அவள் விடவில்லை. பதில் வரும்வரை ஸ்பூனைத் தொடாமல் உங்கள் முகத்தையே பார்த்தாள். கடைசியில் நீங்கள், "ம், சாப்பிடும்மா" என்றீர்கள். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. பிள்ளையிடம் பொறாமைப்பட்டேன், சொல்கிறேனே.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் உங்கள் கை என் கைக்குள்தான் இருந்தது. கண்ணைத் திறந்து, ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து, "டெல் மை டாட்டர், கோ ஹோம் அண்ட் ஈட்" என்றீர்கள். அந்தப் பெண் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தது. இவள்தானே மகள், பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று அதற்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நீங்கள் பேசவில்லை. எனக்கு வந்து சேர்ந்த உங்கள் கடைசி வார்த்தையும் இன்னொருத்தி கையில் கொடுத்தனுப்பியதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது அப்பா.

காரியமெல்லாம் முடிந்து மேசை பழையபடி ஆனபோதுதான் இது தொடங்கிற்று. ஒரு நாள் காலையில் பாலர் பள்ளிக்குக் கிளம்பும்போது, இனியா என்னைப் பார்க்காமல் உங்கள் நாற்காலியைப் பார்த்து, "தாத்தா, அம்மாகிட்ட சொல்லுங்க, ஷூ கடிக்குதுன்னு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புது ஷூ வாங்கிக்கொடுத்தேன்.

அதோடு போயிருந்தால் சரி. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே அந்த நாற்காலி வழியாகத்தான் எனக்கு வந்தது. "இனியா, பால் வேணுமாம்மா?" என்று கேட்டால் என் பக்கம் திரும்ப மாட்டாள். "தாத்தா, வேணாம்னு சொல்லுங்க" என்பாள். அப்பாவோடு சீனத்தில் வாய் ஓயாமல் பேசுவாள். பள்ளியில் இங்கிலிஷில் நன்றாகப் பேசுகிறாள் என்று டீச்சர் சொன்னார். என்னோடு மட்டும், தமிழில் மட்டும், பார்வைகூட நேரே இல்லை. பெற்ற பிள்ளைக்கு நான் கண்ணாடிச் சுவர் ஆகிவிட்டேன்.

பதில்களும் வரத் தொடங்கின. ஒரு நாள் பையைத் தேடிக்கொண்டு வீட்டில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்துவிட்டு, "தாத்தா சொல்றாங்க, அம்மா கத்தாம பேசணுமாம்" என்றாள்.  இன்னொரு நாள் நான் வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவள் என் அறை வாசலில் நின்று, "தாத்தா கேக்குறாங்க, குட்டி சாப்பிட்டுச்சான்னு" என்றாள்.

"யாரும்மா குட்டி?" என்று கேட்டேன். கையை நீட்டி என்னைக் காட்டினாள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை அப்பா. அம்மா கூப்பிட்டதில்லை. நீங்களும் கூப்பிட்டதில்லை.

வெய் மிங் எதையும் செய்துபார்த்து முடிக்கிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும். நாற்காலி இருப்பதால்தானே இதெல்லாம் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார். நல்ல வெயில். அடுப்படி சன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் சம்பால், மீன் பொரியல், கீரை எல்லாம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இனியா நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள். அழவில்லை, கேட்கவில்லை. மெதுவாகக் கண்ணைத் தூக்கி, என் தோளுக்கு மேலே பார்த்து, "தாத்தா, சாப்பிடுங்க" என்றாள்.

"யாரைப் பாக்குற?" என்றேன்.  அவள் என் தலைக்குப் பின்னால் பார்த்தபடியே, "தாத்தா, அம்மாகிட்ட சொல்லுங்க, நீங்க ரொம்ப நேரமா நிக்கிறீங்கன்னு. உங்களுக்குக் கால் வலிக்கும்ல" என்றாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிடரியில் மட்டும் மின்விசிறிக் காற்று படாமல் இருந்த மாதிரி ஒரு நினைவு. வெய் மிங் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, போய் நாற்காலியைத் திரும்ப எடுத்துவந்து போட்டார்.

அன்றைக்கு அவர்தான் ஒரு யோசனை சொன்னார். கொஞ்ச நாளைக்கு அவளோடு தமிழ் வேண்டாம், இங்கிலிஷிலேயே பேசு என்றார். அடுத்த வருஷம் தொடக்கப்பள்ளி, தாய்மொழிப் பாடத்துக்குச் சீனமே எடுக்கட்டும், தமிழ் இவளை எங்கேயோ இழுக்கிறது என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் பயந்துபோயிருந்தார். நானும் மறுநாளே இங்கிலிஷுக்கு மாறினேன்.

இங்கிலிஷில் கேட்டதும் பிள்ளை நேரே என்னைப் பார்த்தாள்! "எஸ் மம்மி" என்றாள். "நோ நீட், மம்மி. தேங்க் யூ, மம்மி" என்றாள். முதல் நாள் சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினேன். இரண்டொரு நாளில் அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று உறுத்தத் தொடங்கியது. அது என் குரல்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நாள் முழுக்கத் தொலைபேசியில் முகம் தெரியாதவர்களுக்கு நான் பதில் சொல்கிற குரல். மரியாதையாக, சிரித்த மாதிரி, உள்ளே யாருமே இல்லாமல். என் பிள்ளை என்னை வாடிக்கையாளர் ஆக்கிவிட்டாள். வேண்டாம் சாமி என்று இங்கிலிஷை விட்டுவிட்டேன். மறுபடியும் நாற்காலி.

காத்தோங்கில் இருக்கிற அத்தையிடம் சொன்னேன். உங்கள் அக்கா எதற்கும் அசர மாட்டாரே. "பிள்ளையக் கூட்டிட்டு வா, சிலோன் ரோட்டுப் பிள்ளையார் பாத்துக்குவாரு" என்றார். கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்தோம். இனியா சோற்றைத் தொடவில்லை. எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "தாத்தா, சாப்பிடுங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, மகிழ்ந்துபோய், "ம், சாப்பிடும்மா, சாப்பிடு" என்றார்.

இனியா அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "நீங்க இல்ல" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து செருப்புப் போடும்போது அத்தையிடம் குட்டி என்ற அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டேன். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "அத யாரு உனக்குச் சொன்னா?" என்றார். "உங்கப்பன் உன்னப் பத்திக் கேக்குறப்பல்லாம் அப்படித்தான் கேப்பான். குட்டி வந்துடுச்சா, குட்டி சாப்பிட்டுச்சான்னு. உங்கம்மாகிட்ட கேப்பான், எங்கிட்ட போன்ல கேப்பான். உன் காதுல விழவே கூடாதுன்னு பாத்துக்குவான்."

"ஏன் அத்தை? நேரா என்கிட்ட கேட்டா என்ன?"

"உன்ன நேராப் பாத்துப் பேசினா அவனுக்குத் தொண்ட அடச்சுக்கும்டி. ஆம்பள அழக் கூடாதுன்னு வளத்துட்டாங்க. அதான் சுத்தி வளச்சுப் பேசுவான்." அத்தை இனியாவைப் பார்த்தார். அவள் கோயில் தூணுக்குப் பக்கத்தில் யாருடைய கையையோ பிடித்திருப்பவள் மாதிரி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நீங்கள் இவளிடம் எப்போதாவது அந்தப் பெயரைச் சொன்னீர்களா அப்பா? மாத்திரை கேட்டு அனுப்பும்போது, மறந்துபோய், ஒரு தடவையாவது? சொல்லியிருப்பீர்கள் என்றுதான் பகலில் நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனேன். வெய் மிங் அவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரையெல்லாம் தண்ணீர். ஆளோடு ஆள் இடிக்கிற கூட்டம். மீன்காரர் நீட்டிய பையை வாங்க அவள் கையை விட்டேன். வாங்கிக்கொண்டு திரும்பினால் பிள்ளை இல்லை.

பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். "இனியா! இனியா!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. என் பிள்ளை திரும்பிக் கத்த மாட்டாள். தொலைந்துபோன எந்தப் பிள்ளையும் அம்மா என்றுதான் அலறும். இவள் என்னைக் கூப்பிட மாட்டாள். கூப்பிடாத பிள்ளையை இந்தக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பேன்? காய்கறிப் பக்கம் ஓடினேன். மறுபடியும் மீன் பக்கம் வந்தேன். 

அப்போது எனக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், "குட்டி" என்றது. சத்தமாக இல்லை. கூப்பிட்ட மாதிரியும் இல்லை. வேறு யாரிடமோ என்னைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். பின்னால் முன்பின் தெரியாத முகங்கள். அவர்களைத் தாண்டி, கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அவளுடைய மஞ்சள் கவுன் தெரிந்தது. அத்தனை பெரிய சந்தையில் எந்த அப்பாவும் எந்தப் பிள்ளையையும் அப்படிக் கூப்பிட்டிருக்கலாம். அது யார் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவள் அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் உயரத்துக்கு. கூட்டம் அவளை ஒட்டிப் போகவில்லை. அவள் பக்கத்தில் இன்னொருவர் நிற்பது போல இடம் விட்டு விலகி விலகிப் போயிற்று. நான் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் ஈரத்தரையில் முட்டிபோட்டு அவள் தோளைப் பிடித்தேன். என் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் எனக்கு மேலே பார்த்தபடியே, அழாமல், நிதானமாக, "தாத்தா, அம்மாகிட்ட சொல்லுங்க, நான் தொலஞ்சு போயிட்டேன்னு" என்றாள்.

ரயிலில் அவள் என் மடியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குப் பேய் பிடிக்கவில்லை, கிறுக்கும் இல்லை. அப்பா வீட்டில் எல்லாரும் சீனத்தில் நேரே பேசுவதைப் பார்த்தாள், பேசினாள். பள்ளியில் எல்லாரும் டீச்சரோடு இங்கிலிஷில் நேரே பேசுவதைப் பார்த்தாள், பேசினாள். தமிழில் அப்பாவும் மகளும் பேசுவதை ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்தாள். அங்கே நாம் இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆளை நிறுத்தாமல் வாயே திறக்கவில்லை. தமிழ் என்றால் அப்படிப் பேசுகிற மொழி என்று நினைத்துவிட்டாள். முன்பு அவளே நடுவில் நின்றாள். அவளுக்கென்று ஏதாவது சொல்ல வேண்டி வந்தபோது நடுவில் நிறுத்த நீங்கள்தான் இருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து, இருந்ததைச் சூடு பண்ணி, தட்டு வைத்தேன். அவள் உங்கள் நாற்காலியைப் பார்த்து, "தாத்தா, சாப்பிடுங்க" என்றாள். காத்திருந்தாள். நானும் அந்த நாற்காலியைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுவில் ஆள் இல்லாமல் உங்களோடு பேசினேன்.

"அப்பா, பதில் சொல்லாதீங்க" என்றேன்.

இனியா திடுக்கிட்டுப் போனாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள், "தாத்தா, அம்மா ஏன் அழறாங்க?" என்று கேட்டாள். நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தாள். முகம் சுருங்கிற்று. "தாத்தா?" என்றாள். என் பின்னால் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். இறங்கிப் போய் உங்கள் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "தாத்தா, தாத்தா" என்றாள்.  சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்களேன் என்று கெஞ்சலாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் அவள் உதடு பிதுங்கி அழுதாள். நீங்கள் போன நாளில்கூட அழாத பிள்ளை. மெல்ல என் பக்கம் திரும்பினாள். கண்ணுக்கு நேரே பார்த்தாள்.

"அம்மா, தாத்தா பேச மாட்டேங்கிறாங்க."

"ஆமாம்மா."

"உங்களுக்குக் கோவமா?"

"இல்லடா கண்ணு. பயம். நீ காணாமப் போனதும் அம்மா ரொம்பப் பயந்துட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் பயந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு என் மேல் வந்து விழுந்தாள்.

உயிரோடு இருந்தபோது நீங்கள் பேசாமல் இருந்ததற்காக உங்களை எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசாமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பேத்தி அப்படிக் கூப்பிட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வீட்டு நிலவரம் சொல்கிறேன். மகாராணி என்னோடு நேருக்கு நேர் சண்டை போடுகிறாள். "அம்மா, நீங்க செய்ற இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆஹா, என் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. தமிழா சீனமா என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் சரி, என்னோடு அவள் தமிழில் முகம் பார்த்துப் பேசட்டும், அது போதும் என்று வெய் மிங்கிடம் சொல்லிவிட்டேன். தாத்தா எங்கே போனார் என்று கேட்கிறாள். தெரியாது என்று உண்மையைச் சொல்கிறேன். நான் கோபமாக இருந்தால் கோபம் என்கிறேன், களைப்பாக இருந்தால் களைப்பு என்கிறேன். முதலில் வாய் கூசிற்று. பழகிக்கொண்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் இருக்கிறது அப்பா. அவள் பள்ளிக்கும் அவர் வேலைக்கும் போன பிறகு, வேலைக்குக் கிளம்பும் முன் நான் பாத்திரம் கழுவுவேன். அப்போது அடுப்படி வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். செருப்புச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. ஆனால் ஏதோ சொல்ல வந்து, சொல்லியனுப்ப ஆள் கிடைக்காமல், தயங்கித் தயங்கி நிற்கிறவருடைய நிற்பு அது. எனக்கு அந்த நிற்பு தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவள் கூப்பிட்டால் வராதீர்கள். ஆசை தாங்காமல் அவள் மறுபடியும் எப்போதாவது கூப்பிடுவாள், அப்போதும் வராதீர்கள். அவள் உயிரோடு இருக்கிறவர்களோடு பேசிப் பழக வேண்டிய பிள்ளை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள். தொண்டை அடைத்தால் அடைக்கட்டும், அழுகை வந்தால் அழுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன். பயப்பட மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
மாலதி
ஈசூன்